மிச்ச டீமெல்லாம் அம்மாவுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய விமான டிக்கெட் போனில் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு நாகரத்தினம் அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்குப் படித்துச் சொன்னார். சென்னையிலிருந்து டொரொண்டோ. போவதற்கு மட்டும், திரும்பி வருவதற்கு இல்லை. ஜூன் மாதம் உலகக் கோப்பை கால்பந்து தொடங்குவதற்கு முன்னால் நான் அங்கே வந்து இறங்கிவிட வேண்டும், உன் ஊரிலேயே மேட்ச் நடக்கிறது, ஸ்டேடியத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம், அப்புறம் காஞ்சிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடேயே இருந்துவிடலாம் என்றாய். நானும் வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. வருகிறேனா இல்லையா என்பதை இந்தக் கடிதத்தில் சொல்லத்தான் போகிறேன், ஆனால் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவேன். நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் இப்போதெல்லாம் நான் மட்டும்தான் பேசுகிறேன், நீ மறுமுனையில் உம் கொட்டுகிறாய். கடிதத்திலும் நான் மட்டும்தான் பேசப்போகிறேன், ஆனால் நீ உம் கொட்டுவது என் காதில் விழாது. அந்த மட்டும் நிம்மதி. இதை நீ ஒருத்தன் மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. அம்மாவை ஊரில் விட்டுவிட்டு அங்கே வேலை பார்க்கிற உன் சிநேகிதர்களுக்கும் படிக்கக் கொடு. அவர்களும் நீ செய்கிற தப்பைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். என்ன தப்பு என்று போகப் போகத் தெரியும்.

உனக்குப் பந்து தெரியும், ரூல்ஸ் தெரியும், எந்த வருஷம் யார் ஜெயித்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். நம் வீட்டுக்குள் அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமான புதிது. தாமல் கிராமத்திலிருந்து வந்த பெண் நான். புகுந்த வீட்டில் எதைக் கேட்டாலும் “உங்க இஷ்டம்” என்று சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாம்பாரா, காரக்குழம்பா? உங்க இஷ்டம். சினிமாவுக்குப் போகலாமா? உங்க இஷ்டம். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் கோல்கீப்பராக நின்றவர், அது அவருக்குப் பெரிய பெருமை. அமெரிக்காவில் உலகக் கோப்பை நடந்த வருஷம் அது. தறியில் உட்கார்ந்தபடியே என்னைக் கேட்டார்.

“இன்னாமே, நீ எந்த டீமு?”

“நீங்க எந்த டீமோ அதான் நானும்.”

கையில் இருந்த, இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “நானும் ஜெர்மனி, நீயும் ஜெர்மனின்னா அப்புறம் நான் யார்கூட சண்டை போடறது, செவுத்துகூடவா? ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்து கை தட்டினா அதுக்குப் பேரு மேட்ச் இல்லமே, பஜனை.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர் வாங்கி வந்த பேப்பரில் இருந்த பெயர்களைப் படித்துப் பார்த்து, வாயில் நுழையாத ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டேன். பல்கேரியா. அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்போது நம் வீட்டில் டிவி இல்லை. ஒரு காலை டீக்கடைக்குப் போனவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். என்னங்க என்றேன். “உன் பல்கேரியா என் ஜெர்மனியை அடிச்சிட்டான்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன், சமையலறையிலிருந்து உன் பாட்டி எட்டிப் பார்க்கிற அளவுக்கு. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ முகமெல்லாம் சந்தோஷம். “ஆங், இப்பதான் வீடு மாதிரி இருக்குது” என்றார்.

அன்றைக்குப் பிறந்த சட்டம்தான் நம் வீட்டுச் சட்டம். ஒரு டீமுக்கு ஒரு ஆள்தான். உலகக் கோப்பை தொடங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். முதலில் அப்பா எடுப்பார். நீ பிறந்து பேசக் கற்றுக்கொண்டதும் இரண்டாவதாக நீ எடுப்பாய். மிச்சமெல்லாம் அம்மாவுக்கு. சோற்றுப் பானையிலும் அதுதான் வழக்கம், பந்திலும் அதையே வைத்தீர்கள். ஜெர்மனிமேல் கோபித்துக்கொண்டு அதை விட்டுவிட்டு அப்பா அடுத்த முறை பிரான்ஸைப் பிடித்தார், அவர்கள் சொந்த ஊரிலேயே கோப்பையை வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து பிரான்ஸ் என்றால் அவருக்குச் சொந்த மச்சான் வீடு. நீ பிரேசில். இத்தாலி, ஸ்பெயின், அர்ஜென்டினா மாதிரி பெரிய டீமையெல்லாம் நீங்கள் இருவருமே வாரிக்கொள்வீர்கள். கேமரூன், செனகல், கானா, குரோஷியா, யாருக்கும் வேண்டாத அத்தனை பேரும் என் பிள்ளைகள்.

கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்தபோது நீ ஒண்ணாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. மேட்ச் எல்லாம் பகலிலும் சாயங்காலத்திலும் வந்தது, தறி ஓடுகிற நேரம். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும் என்பது உன் சிநேகிதர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா தறிக்குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளி, ஒவ்வொரு இழைக்கும் கரையை உடலோடு கோத்துவிட வேண்டும். நான் கோக்காமல் விட்டால் அந்த இடத்தில் கரை தனி, உடல் தனி. டிவி அப்பாவுக்கு நேர் எதிரே இருந்தது. நான் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். முதல் மேட்ச், பிரான்ஸும் செனகலும். செனகல்காரன் ஒருத்தன் விழுந்தபடியே பந்தைக் கோலுக்குள் தள்ளினான். நான் கரை நாடாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினேன். அப்பாவுக்கு அவமானம். டிவியையும் பார்க்கப் பிடிக்காமல், என்னையும் பார்க்கப் பிடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு உடலை மட்டும் மடமடவென்று நெய்துகொண்டே போனார். பக்கத்தில் கரை கோக்க ஆள் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் குதித்து முடித்துவிட்டு உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல் மேலே தொடர்ந்தேன்.

சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நெய்யக் கொடுத்த முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கரைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி, அதன் வழியாகத் தெருவே தெரிகிறது.

“இன்னாப்பா இது? கரையும் உடலும் கோர்ட்டுல கேஸ் போட்டுக்கினு பிரிஞ்சி நிக்குது?”

அப்பா தலையைச் சொறிந்தார். “அது செனகல் கோல் போட்ட இடம்ங்க.”

“செனகலா? அது இன்னா டிசைனு?”

திரும்பி வருகிற வழியெல்லாம் சைக்கிளில் நானும் அவரும் சண்டை. எழுந்து நின்றது உன் தப்பு என்றார் அவர். குனிந்துகொண்டது உங்கள் தப்பு என்றேன் நான். அப்புறம் ஊசியால் கோத்துச் சரி செய்து கொடுத்தோம். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு எந்த ஊர்ப் பெண் மணையில் உட்கார்ந்தாளோ, அவள் கல்யாணத்தில் ஆப்பிரிக்காக்காரனின் கோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முறை கோப்பை உன் பிரேசிலுக்கு. மஞ்சள் பனியன் கேட்டு அழுதாய். மஞ்சள் சாயம் போட்ட என் பழைய ரவிக்கைத் துணியில் ஒன்று தைத்துப் போட்டேன், பள்ளிக்கூடம் வரைக்கும் அதிலேயே ஓடினாய்.

அடுத்த முறை ஜெர்மனியில் நடந்தது. அப்பாவின் பிரான்ஸ் உன் பிரேசிலை வெளியே அனுப்பிவிட்டது. காலையில் எழுந்து செய்தியில் பார்த்துவிட்டு நீ வாயைப் பூட்டிக்கொண்டாய். அவர் எதிரில் வந்தால் நீ வேறு அறைக்குப் போனாய். அவர் தோசை ஊற்றிக் கொடுத்தால் சாப்பிட்டாய், பேசவில்லை. கிண்டல் செய்யக் காத்திருந்த மனுஷன் வாடிப்போய்விட்டார். கடைசியில் உன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கெஞ்சினார். “டேய், திட்டவாவது திட்டுடா. உம்முனு இருக்காத. உம்முனு இருந்தா எனக்கு ஜெயிச்ச மாதிரியே இல்லடா.” நீ அவரை நன்றாகத் திட்டினாய். இருவரும் அதற்கப்புறம் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள்.

கானா விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டி அது, டிவியைப் போட்டாலே தேனீக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஊதல் சத்தம் வந்துகொண்டே இருக்கும். என் கானா கடைசி நிமிஷத்தில் ஜெயிக்க இருந்தது. பந்து கோலுக்குள் போகிறது, கோட்டின் மேல் நின்ற உருகுவேக்காரன் கையால் தட்டிவிட்டான். அவனை வெளியே அனுப்பினார்கள், பெனால்டி கொடுத்தார்கள், அது கம்பியில் பட்டு மேலே போய்விட்டது. அப்புறம் கானா தோற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு டீமும் அதுவரை அரையிறுதிக்குப் போனதில்லை. நான் தறியில் உட்கார்ந்துகொண்டு அழுதேன், நீ பக்கத்தில் நின்றுகொண்டு, “ரூல்ஸ்படி கரெக்ட்தாம்மா. தப்பு பண்ணான், ரெட் கார்டு வாங்கினான். பெனால்டியைக் கோட்டை விட்டது உன் ஆளுதானே?” என்றாய். எனக்கு வந்ததே ஆத்திரம். திருடிவிட்டு ஜெயிலுக்குப் போனால் திருட்டு சரியாகிவிடுமா என்று கேட்டேன். நான் அவன் இடத்தில் இருந்தால் நானும் கையை நீட்டியிருப்பேன், என் டீமுக்காக எதுவும் செய்வேன் என்றாய். உன்னை நான் அப்படியா வளர்த்தேன் என்றேன். ஒரு வாரம் நடந்தது அந்தச் சண்டை. குழம்பு கொதிக்கும்போது நடந்தது, நீ குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று நடத்தினேன், பஸ் ஸ்டாண்டில் உன்னை ஏற்றிவிடும்போதும் நடந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இருந்தாலும் அவன் பண்ணதுதாம்மா சரி” என்று கத்திக்கொண்டே போனாய். அந்த வாரத்தில்தான் நீ யார் என்று எனக்குத் தெரிந்தது. உன்னவர்களுக்கு ஒன்று என்றால் ரூல்ஸை ஓரமாக வைத்துவிடுவாய். எனக்கு அது பிடிக்கவில்லை, ரொம்பவும் பிடித்தும் இருந்தது. அது இன்னும் முடியாத சண்டை, ஞாபகம் வைத்துக்கொள்.

பிரேசிலில் நடந்தபோது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். உன் டீம் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் ஏழு கோல் வாங்கியது, ஒன்றே ஒன்று போட்டது. ஜெர்மனியை மறுபடியும் சேர்த்துக்கொண்டிருந்தார் உன் அப்பா. காலையில் விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயில் இட்லி வாங்கி வந்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். பெரிய டப்பாவில் ஏழு துண்டு, சின்ன டப்பாவில் ஒரு துண்டு. பஸ் பிடித்து உன் ஹாஸ்டலுக்கே வந்து, உன் சிநேகிதர்கள் எல்லோர் முன்னாலும் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்தார். நீ அவரை என்னவெல்லாம் திட்டினாய் என்று வந்து எனக்கு நடித்துக் காட்டினார். எட்டுத் துண்டையும் நீங்கள் தின்று தீர்த்ததையும் சொன்னார். எவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார் தெரியுமா?

ரஷ்யாவில் என் குரோஷியா ஃபைனலுக்கு வந்தது. மிச்சத்தில் வந்த ஒன்று கடைசி வரைக்கும் போனது. எதிரே அப்பாவின் பிரான்ஸ், அடித்து நொறுக்கிவிட்டார்கள். அப்பா எனக்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடினார் பார், நீ சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். அப்படி மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்த கடைசி மேட்ச் அது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தோற்றதற்கு அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

இப்போது உனக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கத்தாரில் நடந்த வருஷம் நீ டொரொண்டோவில். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு மோசம் என்று உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் சத்தியம் வாங்கியிருந்தார். பங்கு பிரித்தோம். அவர் பிரான்ஸ் என்றார், நீ போனில் பிரேசில் என்றாய். அர்ஜென்டினாவை யாரும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை. அர்ஜென்டினாவும் பிரான்ஸும் ஃபைனலுக்கு வந்தன. மார்கழி பிறந்திருந்தது, கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து, போர்வையைப் போர்த்தி உட்கார வைத்திருந்தேன். மேட்ச் தொடங்கும்போது சொன்னார்.

“இன்னிக்கு நானும் உன் பக்கம்தான்மே. அர்ஜென்டினா.”

“இன்னா உளர்றீங்க? பிரான்ஸ் உங்களுது.”

“பிரான்ஸு எனக்கு ரெண்டு வாட்டி வாங்கிக் குடுத்துடுச்சி. போதும். நீ ஒரு வாட்டிகூட ஜெயிக்கலியே.”

இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் நம்பவில்லை கண்ணு, அப்போது நம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து என் எதிர்ப்பக்கத்தை விட்டு நகராத மனுஷன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “அப்படின்னா நான் பிரான்ஸு. வாங்க மோதலாம்” என்றேன். அவர் எழுந்து வந்த இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன், யாராவது நிற்க வேண்டும் இல்லையா? அர்ஜென்டினா இரண்டு கோல் போட்டது. அவர் “பாத்தியா, பாத்தியா” என்று மெல்லக் கை தட்டினார், தட்டவும் தெம்பில்லை. முடியப்போகிற நேரத்தில் பிரான்ஸ் அடுத்தடுத்து இரண்டு போட்டது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் போர்வைக்குள்ளே இரண்டு காலும் ஆடுகின்றன. அவர் பிரான்ஸ்தான். எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். “பொய்! நீங்க பிரான்ஸு! ஒத்துக்கோங்க!” என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். “இல்லமே, அர்ஜென்டினாதான்” என்றார். பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெயிச்சிட்டியே” என்றார். எனக்கு அந்தக் கோப்பை வேண்டாம்டா. இன்றைக்கும் வேண்டாம். தை மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார், நீ விமானத்தில் இருந்தாய்.

அவர் செய்தது அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது விடைபெறுகிறவரின் அன்பு. அதில் எனக்குப் பயம் வந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நன்றாக இல்லை. பகலில் பரவாயில்லை, நாகரத்தினம் அக்காவின் தறியில் வலப்பக்கம் உட்கார்ந்து கரை கோக்கிறேன். அவர் தங்கமானவர், வீட்டுக்குள் தெலுங்கு பேசினாலும் என்னைக் கண்டால் தமிழுக்கு மாறிவிடுவார், நான் எதைச் சொன்னாலும் “அவுனம்மா, நீ சொல்றதுதான் சரி” என்பார். ஒருமுறை மேட்ச் பார்க்கக் கூப்பிட்டேன். யார் பக்கம் என்று கேட்டதற்கு, யார் ஜெயித்தாலும் சந்தோஷம்தான் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் யாரும் ஏன் லேட் என்று கேட்பதில்லை. குழம்பில் உப்பு அதிகமானாலும் சொல்வதற்கு ஆள் இல்லை. ஒரு நாள் போனில் அந்தக் கானா மேட்சைத் தேடிப் போட்டேன். அவன் கையால் தட்டினான், நான் கத்தினேன், வீடு சும்மா இருந்தது. இன்னொரு நாள் ஏதோ ஒரு மேட்சுக்கு முதல் பாதியில் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீமுக்குக் கத்தினேன். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் பக்கம் மாறினார்கள் அல்லவா, நானும் எழுந்து அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து மற்ற டீமுக்குக் கத்தினேன். பாதியிலேயே வாய் ஓய்ந்துவிட்டது. சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, சிரி.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? நான் வேண்டுமென்றே கேட்டேன், “இந்த வாட்டி பிரேசில் எனக்கு” என்று. சும்மா சீண்டினேன். ரவிக்கைத் துணி பனியன் காலத்திலிருந்து இருக்கிற உன் பிரேசிலை நான் பிடுங்குகிறேன், நீ துள்ளிக் குதிப்பாய், ‘செத்தாலும் தரமாட்டேன்’ என்பாய் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ, “எடுத்துக்கோம்மா. நானும் உன்கூட பிரேசிலுக்கே இருக்கேன்” என்றாய்.

உன் குரல் அப்படியே அவர் குரல் மாதிரி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அர்ஜென்டினா என்று சொன்னாரே, அந்தக் குரல். யார் போகப்போகிறார்கள் என்று நினைத்து எழுந்து வருகிறாய் நீ என் பக்கத்துக்கு?

ஏன் இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவின் கடைசி நேரத்தில் நீ இல்லை. அதற்காக என்னிடம் எதிலும் மறுத்துப் பேசக் கூடாது என்று உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். நான் கோயில் இட்லிக்குக் கெட்சப் தொட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், “உனக்குப் பிடிச்சா சரிம்மா” என்றாய். கல்யாணம் எப்போது என்று கேட்டால், “நீ சொல்லும்மா” என்கிறாய். உண்மையை மறைத்தது நாங்கள், நீ இல்லை. அந்தக் கணக்கை இன்றோடு மூடு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், அவளிடமும் இதே மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே, அவள் தனியாகிவிடுவாள். கூடவே ஆள் இருந்தும் தனியாக இருப்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரிகிறது, போனில் உன்னோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வைத்த பிறகு.

ஆகவே என் பதில். நான் டொரொண்டோவுக்கு வரவில்லை. அங்கே குளிர், எனக்கு முட்டி வலி. பேச ஆள் இல்லை. நீ காலையில் போனால் ராத்திரி வருவாய், நான் ஜன்னலில் நின்றுகொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே தறி இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது, நாகரத்தினம் அக்காவுக்கு வேறு யார் கரை கோப்பார்கள்? உன் அப்பா கட்டிய வீட்டை எலிக்கும் பூனைக்கும் விட்டுவிட்டு வர எனக்கு என்ன தலையெழுத்து? இதில் பாதி நிஜம், பாதி நானே இட்டுக்கட்டிய பொய். எது எது என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை.

இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணு. ‘உன் இஷ்டம்மா’ என்று சொன்னால் அன்றைக்கே டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு, அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். அப்படிச் சொல்லாதேடா. முட்டி வலிக்கு அங்கே டாக்டர் இல்லையா என்று கேள். அக்கா ஆள் வைத்துக்கொள்வார், நீ என்ன காஞ்சிபுரத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறாயா என்று கேள். பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாயே, அப்படிக் கத்து. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நன்றாகவே சண்டை போடுவேன், உன்னை அழவைத்தாலும் வைப்பேன். அத்தனையையும் தாண்டி என்னை நீ ஜெயித்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

எனக்குத் தோற்றுப்போக வேண்டும்போல் இருக்கிறது கண்ணு. எதிரில் வந்து நில்லேன்.

அம்மா